பிள்ளைகள் பூங்காவுக்கு ‘உயிர் நடுங்கும்’ ராட்டினம் வாங்கலாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். கொழும்பிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், 4 ஏக்கரில் அவர்களுடைய குடும்பம் ஒரு சிறுவர் பூங்கா நடத்துகிறது. குடைராட்டினம், குட்டி ரயில், பம்பர் கார், நடுத்தர உயரத்தில் ஒரு ஜயன்ட் வீல், ஆடும் கப்பல், இரண்டு நீர்ச்சறுக்குகள். வார நாட்களில் பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள் வருவார்கள். சனி, ஞாயிறிலும் போயா விடுமுறையிலும் குடும்பங்கள். தொடங்கிய அப்பாவுக்கு இப்போது 71 வயது. கணக்கைச் சகோதரியும் களத்தைத் தம்பியும் பார்க்கிறார்கள்.

2025 டிசம்பரில் சென்னையில் திறந்த வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தம்பிக்கு ஒரே எண்ணம்: ‘உயிர் நடுங்கும்’ ரைட் ஒன்று வேண்டும். வெளிநாட்டில் மூடப்பட்ட பூங்கா ஒன்றிலிருந்து, 2008 இல் செய்த ஊசல் ராட்டினம் நாலரைக் கோடி ரூபாவுக்கு வருகிறதாம். 24 இருக்கைகள்; இரு பக்கமும் 120 பாகை வரை எழும். வெள்ளவத்தை வீட்டை ஈடு வைத்தால் வாங்கிவிடலாம். சகோதரி கேட்கிறார்: “எங்கட குட்டி ரைட்களில் ஆபத்து ஒன்றும் இல்லை. கப்பலின் மூன்றாவது வரிசைக் கம்பியை மட்டும் கொஞ்சம் தட்டினால்தான் பூட்டும். பெரிய ரைட் வந்தால்தான் பயம். தம்பியோ, ஜெர்மன் சான்றிதழ் இருக்கிறது, டிக்கெட்டில் ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்தால் போதும் என்கிறார். நான்தான் பயந்தாங்கொள்ளியா?”

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசல் ராட்டினத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். இதை வாசித்து முடிக்க முன்னரே பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஆடும் கப்பலின் மூன்றாவது வரிசையில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கயிறு கட்டி மறித்தால் போதாது. இருக்கையில் பலகை அடித்து மூடச் சொல்லுங்கள். மற்ற வரிசைகளையும் பார்த்து முடிக்கும்வரை கப்பலையே நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

தட்டினால்தான் பூட்டும் கம்பி, பூட்டாத கம்பி. அந்தத் தடுப்புக் கம்பியின் அடியில் பல் வெட்டிய ஒரு தகடு இருக்கும். கம்பி இறங்க இறங்க, ஸ்பிரிங் தள்ளும் ஒரு இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லிலும் ‘டக், டக்’ என்று விழும். நாக்கு தானாக விழவில்லை என்றால் காரணங்கள் அதிகம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பழைய கிறீஸ் இறுகியிருக்கும், நாக்கைத் தாங்கும் ‘பின்’ என்ற ஆணி போகும் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும், அல்லது பல்லின் விளிம்பு மழுங்கியிருக்கும். தட்டும்போது நாக்கு பல்லின் அடிவரை போகாமல் நுனியில் நின்றுவிடலாம். பார்ப்பதற்குப் பூட்டியதுபோலவே இருக்கும். கப்பல் உச்சிக்குப் போகும்போது பிள்ளையின் உடல் இருக்கையை விட்டு எழும்பிக் கம்பியைத் தள்ளும்; நாக்கு நழுவுவது அந்தக் கணத்தில்தான்.

மெக்கானிக்கிடம் நாக்கு, ஸ்பிரிங், பின் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பல்லை அரத்தால் ராவிக் கூராக்க விடாதீர்கள். ராவினால் கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடும், சில வாரங்களில் மறுபடி மழுங்கும். மழுங்கியிருந்தால் தகடே மாற வேண்டும். பின்னர் ஒவ்வொரு பல்லிலும் கம்பியைப் பூட்டி, ஒரு பெரியவர் முழுப் பலத்தோடு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை தேய்ந்தால் அதே வயதுடைய மற்ற வரிசைகளும் அதே பாதையில்தான் இருக்கும்.

இதை முதலில் எழுதியதற்குக் காரணம், சின்ன ரைட்டில் ஆபத்து இல்லை என்ற உங்கள் நம்பிக்கை. அவுஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்ட் பூங்காவில் 2016 ஒக்டோபர் 25 அன்று நான்கு பேர் இறந்தது உயரமான ரைட்டில் அல்ல. 1986 இல் திறந்த, குடும்பமாக வட்டத் தெப்பத்தில் மிதந்து போகும் ஒரு நீர்ச்சவாரியில். ஒரு பம்பு நின்றது, நீர்மட்டம் இறங்கியது, ஒரு தெப்பம் சிக்கி நின்றது, பின்னால் வந்த தெப்பம் அதில் மோதியது. நீர்மட்டம் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவி அங்கே இருக்கவில்லை. அந்தப் பம்பு அன்றைய தினம் அதற்கு முன்பும் நின்று, திரும்ப இயக்கப்பட்டிருந்தது. நடத்திய நிறுவனத்துக்கு 2020 இல் 36 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. ‘இது மெதுவான ரைட்தானே’ என்ற நினைப்பு பராமரிப்பைத் தளர்த்திவிடும்.

உயரமும் உக்கிரமும் ஒன்றல்ல

தம்பி உயரத்தைப் பார்க்கிறார். நீங்களும் உயரத்துக்கே பயப்படுகிறீர்கள். ஊசலைப் பொறுத்தவரை உடலில் ஏறும் சுமையைத் தீர்மானிப்பது இருக்கைகள் தொங்கும் இரும்புக் கையின் நீளம் அல்ல, அது எழும் கோணம். 60 பாகையிலிருந்து இறங்கினால், அடியைக் கடக்கும்போது உடல் எடை இரு மடங்காகத் தெரியும். 90 பாகை என்றால் மூன்று மடங்கு. 120 பாகை என்றால் நான்கு மடங்கு: 40 கிலோ பிள்ளை 160 கிலோவாக இருக்கையில் அழுந்தும். எளிய கணக்குத்தான், சிறிய ஊசலுக்கும் பெரியதற்கும் ஒன்றே. ஆகவே ‘எங்கட ஆடும் கப்பலைவிடக் கொஞ்சம் பெரியது’ என்று இதை நினைக்க முடியாது. உங்கள் கப்பல் 60 பாகைக்கு ஆடுகிறது என்றால் இது அதைப்போல் இரு மடங்கு. 90 பாகையைத் தாண்டியதும் ஆள் பாதி தலைகீழாகிறார். அப்போது அவரைப் பிடித்திருப்பது தோள் பூட்டு மட்டும்தான்.

அதனால்தான் இவ்வகை ரைட்களுக்குத் தயாரிப்பாளர் உயர எல்லை வைக்கிறார். பெரும்பாலும் 120 முதல் 140 சென்ரிமீற்றர். அந்த எண் குழந்தையின் துணிச்சலைப் பற்றியது அல்ல. தோள் பூட்டு எந்த உடலைப் பிடிக்கும், எந்த உடல் அதன் அடியால் வழுக்கும் என்பதைப் பற்றியது. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணையில் 7 வயதுப் பிள்ளையின் இடைநிலை உயரம் ஏறக்குறைய 121 சென்ரிமீற்றர்; 10 வயதில் 138. அதாவது எல்லை 140 என்றால், வார நாட்களில் உங்கள் பூங்காவை நிரப்பும் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த ரைட்டை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஞாயிறன்று வரும் குடும்பத்தில் அம்மம்மா, கர்ப்பிணியான சித்தி, முதுகு வலியுள்ள அப்பா, சின்னவள் எல்லோரும் கீழே பைகளோடு இருப்பார்கள்.

தம்பியோடு வாதாட முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். நுழைவாயிலில் ஒரு மரக்கம்பம் நட்டு 100, 120, 140 சென்ரிமீற்றரில் மூன்று கோடுகள் போடுங்கள். இரண்டு ஞாயிறு, இரண்டு பாடசாலை நாள், உள்ளே வரும் ஒவ்வொருவரையும் நான்கு நிரலில் கோடிட்டு எண்ணுங்கள். 140 ஐத் தாண்டியவர்களில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியே குறியுங்கள். மிஞ்சும் எண்ணிக்கைதான் இந்த ராட்டினத்தின் உண்மையான சந்தை. அதோடு இன்னொரு கணக்கு: 24 பேரை ஏற்றி, ஒவ்வொரு பூட்டையும் பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, இரண்டு நிமிடம் ஓட்டி, இறக்க, ஒரு சுற்றுக்கு 5 நிமிடமாவது வேண்டும். மணிக்கு 12 சுற்று, இருக்கை நிரம்பினால் 288 பேர். மழை நாளும் வெறும் இருக்கையும் கழித்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய இயந்திரத்தில் எதைப் பார்ப்பது

பழையதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நல்ல பூங்காக்களிலும் கை மாறிய ரைட்கள் ஓடுகின்றன. ஆனால் புதுப் பெயின்ட் அடித்த இயந்திரத்தைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். வெல்டிங்கில் விழுந்த வெடிப்பு, பழைய பெயின்ட்டில் தன்னைக் காட்டிக் கொடுக்கும்: வெல்டிங் ஓரத்திலிருந்து தேநீர் வழிந்து காய்ந்ததுபோல் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். புதுப் பெயின்ட் முதலில் மறைப்பது அதைத்தான்.

வெடிப்பைவிடக் கள்ளமானது உள்துரு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 2017 ஜூலை 26 அன்று சுழலும் ஊசல் ராட்டினம் ஒன்றின் இருக்கைத் தொகுதி ஓடும்போதே முறிந்து பறந்தது. ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். 18 வருடப் பழைய இயந்திரம். அன்றே பரிசோதனையிலும் தேறியிருந்தது. தயாரிப்பாளர் சொன்ன காரணம், இருக்கையைத் தாங்கும் உட்குழிவான இரும்புக் கையின் உட்பக்கம் பல வருடங்களாகத் துருவேறிச் சுவர் மெலிந்திருந்தது. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. உங்களுக்கு வருவதும் கிட்டத்தட்ட அதே வயது இயந்திரம். கப்பலேறி உப்புக்காற்றில் வந்து, கொழும்பின் ஈரத்தில் நிற்கப்போகிறது.

முற்பணம் கொடுக்க முன்னர், விற்பவரோடு தொடர்பில்லாத பரிசோதகர் ஒருவரை அங்கே அனுப்பி இவற்றைச் செய்வியுங்கள்:

இரும்பின் தடிப்பு. உட்குழிவான கைகளில், முக்கியமாக நீர் தேங்கும் கீழ் முனையில், அல்ட்ராசொனிக் கருவியால் ஒவ்வொரு கைக்கும் ஆறேழு இடத்திலாவது மில்லிமீற்றரில் அளவு எடுத்து, தயாரிப்பாளரின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். நீர் வடியும் துளைகள் பெயின்ட்டால் அடைபட்டிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம்.

வெல்டிங். கையும் இருக்கைத் தொகுதியும் சேரும் இடம், தோள் பூட்டின் அடித்தளம், பிரதான அச்சு. பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காந்தத் துகள் பரிசோதனை (இரும்பைக் காந்தமாக்கி, மெல்லிய துகள் தூவி வெடிப்பைக் கண்டுபிடிப்பது). பெயின்ட்டோடு பார்த்த அறிக்கையை ஏற்காதீர்கள்.

பெரிய பெயாரிங். ராட்டினத்தின் முழு எடையும் தொங்குவது இதில். பழைய கிறீஸைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தால் நொறுநொறுவென்றிருக்கிறதா, வெளிச்சத்தில் வெள்ளிப் பொடி மினுங்குகிறதா? மினுங்கினால் அது உள்ளே தேய்ந்த இரும்பு. இதை மாற்றும் செலவு பேரத்தையே புரட்டிவிடும். கழற்றிப் பூட்டும்போது இதன் போல்ட்கள் எல்லாம் புதியவையாக இருக்க வேண்டும்.

பூட்டும் சென்சரும். ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவில் 2022 மார்ச்சில், கோபுரத்திலிருந்து விழும் ரைட் ஒன்றில் 14 வயதுச் சிறுவன் இருக்கையிலிருந்து வழுக்கி இறந்தான். அவனுடைய எடை தயாரிப்பாளரின் எல்லைக்கு மேல். பூட்டு முழுதாக இறங்காவிட்டாலும் ‘சரி’ என்று காட்டும்படி அந்த இருக்கையின் சென்சர் கையால் மாற்றப்பட்டிருந்தது. பழைய உரிமையாளர் செய்த இப்படியான ஒட்டு வேலைகள் இயந்திரத்தோடு உங்களுக்கும் வந்து சேரும். 24 இருக்கையிலும் பூட்டின் இடைவெளியை அளந்து எழுதிக் கேளுங்கள்.

பெயர்ப்பலகையில் 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் இன்னொரு சிக்கல். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், 400 வோல்ட் மூன்று கட்டம். நேரடியாக இணைத்த மோட்டர்களும் பம்புகளும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பிரேக்குக்கும் பூட்டுக்கும் காற்றோ எண்ணெயோ கொடுக்கும் பம்பு மெதுவானால் அதன் விளைவு எங்கே போய் நிற்கும் என்பதைத் தயாரிப்பாளரே எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் இன்னும் இருக்கிறதா, உதிரிப் பாகம் தருமா, நடுவில் வந்த பாதுகாப்பு அறிவித்தல்கள் நிறைவேற்றப்பட்டனவா என்றும் கேளுங்கள். தயாரிப்பாளர் இல்லாத ரைட் என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஜெர்மன் சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது அந்த நாளில், அந்த இடத்தில், அந்த அத்திவாரத்தின்மேல் நின்ற இயந்திரத்துக்குக் கொடுத்தது. கழற்றிக் கொள்கலனில் ஏற்றியதும் அதன் பெறுமதி முடிந்தது. இங்கே பூட்டிய பின்னர் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும்.

நிலமும் வானமும்

120 பாகைக்கு ஆடும் ஊசல், அதே எளிய கணக்கில், தன் ஆடும் எடையைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலான விசையால் தூண்களைப் பக்கவாட்டில் தள்ளும். கையும் ஆட்களும் சேர்ந்து 8 தொன் என்றால் ஏறக்குறைய 18 தொன். சில செக்கன்களுக்கு ஒருமுறை இடமும் வலமும் மாறி மாறி. செம்பூரான் கல் தரையில் தாங்குவது, கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு மண்ணில் தாங்காது. துளையிட்டு மண் பரிசோதனை, அதன்படி அமைப்புப் பொறியியலாளர் போட்ட அத்திவார வரைபடம், இரண்டும் இல்லாமல் கொங்கிறீட் போட விடாதீர்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குப் புதிதல்ல. இடி கேட்டால் நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. மின்சாரம் நின்றால் பூட்டு திறக்காமல் இருக்க வேண்டும், ஊசல் தானாக அடங்க வேண்டும், 24 பேரையும் கையால் இறக்க ஏணியும் திறப்பும் பழகிய ஆட்களும் வேண்டும். 2022 இல் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதை மிகையென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டிக்கெட்டில் அச்சடித்தால் போதுமா?

போதாது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, அலட்சியத்தால் ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ அதற்கான பொறுப்பை அறிவித்தல் பலகையாலோ டிக்கெட் வாசகத்தாலோ தட்டிக்கழிக்க முடியாது. நட்டஈட்டு வழக்கு ஒரு பக்கம். தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை சொல்கிறது. பூங்கா கூட்டு வணிகமாகப் பதிவாகியிருந்தால் கடனும் நட்டஈடும் பங்காளிகளின் சொந்தச் சொத்துவரை வரும். வீட்டை ஈடு வைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் உங்கள் நிலை என்ன என்று தனியாகக் கேளுங்கள். பிரதேச சபையின் அனுமதியும் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதியும் வேண்டியவைதான், ஆனால் அவை வெல்டிங்கைப் பார்த்துக் கொடுக்கும் தாள்கள் அல்ல. காப்புறுதி நிறுவனம் எந்தப் பரிசோதனை அறிக்கையை ஏற்கும் என்பதை வாங்க முன்னரே எழுத்தில் பெறுங்கள்.

தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது

பதினொரு வயதானதும் பிள்ளைகள் உங்கள் பூங்காவை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று தம்பி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது சரியான கவலை. அண்ணன்காரன் வர மறுத்தால் தங்கைக்காரியின் குடும்பமும் வேறிடம் போகும். எனவே ‘ஒன்றும் வேண்டாம்’ என்பது உங்கள் பதிலாக இருக்கக் கூடாது.

நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா 1952 இல் தேவதைக் கதைக் காடாகத் தொடங்கியது. தலைகீழாகச் சுழலும் பைத்தன் ரோலர் கோஸ்டர் அங்கே வந்தது 1981 இல். ஏறக்குறைய 30 வருடம் கழித்து. அதற்குப் பின்னும் கதைக் காட்டை அவர்கள் கைவிடவில்லை. உங்கள் 4 ஏக்கரில் அலறல் சத்தமும் குடைராட்டினமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும் என்பதையும் நினையுங்கள்.

நாலரைக் கோடியையும், அதில் சேராத கப்பல் கூலி, கிரேன், அத்திவாரம், ட்ரான்ஸ்ஃபோமர், உதிரிப் பாகம், பரிசோதகர் செலவையும் கூட்டிவிட்டு, அதே பணத்துக்கு இரண்டு மாற்றுகளுக்கு விலை கேளுங்கள். ஒன்று, 8 மீற்றர் உயரம், மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கிட்டிய வேகம் உள்ள குடும்ப ரோலர் கோஸ்டர். இவற்றில் பல, பெரியவர் பக்கத்தில் இருந்தால் 100 முதல் 110 சென்ரிமீற்றர் பிள்ளையையும் ஏற்றும். மற்றது, 7, 8 மீற்றர் ஏறித் துள்ளித் துள்ளி இறங்கும் சிறு கோபுரம். முதல் முறை வயிறு கூசும்போது பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பதின்மூன்று வயதுக்காரனும் முகம் சுளிக்காமல் ஏறுவான். என் தெரிவு ரோலர் கோஸ்டர், புதியதாக. ஊசல் ராட்டினத்தை இந்த வருடம் வேண்டாம் என்றே சொல்வேன்.

எதை வாங்கினாலும், காலையில் கதவு திறக்க முன் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்க வேண்டும். போல்ட்டுக்கும் நட்டுக்கும் குறுக்கே போட்ட பெயின்ட் கோடு விலகியிருக்கிறதா, பின்களின் கிளிப் இருக்கிறதா, ஒவ்வொரு பூட்டும் பிடிக்கிறதா, அவசர நிறுத்தம் வேலை செய்கிறதா, ஆளில்லாமல் மூன்று சுற்று சரியாக ஓடுகிறதா. பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். அவர் ‘இன்று ஓடாது’ என்றால், வெளியே எத்தனை பஸ் நின்றாலும், தம்பியும் அப்பாவும் நீங்களும் அதை மாற்றக் கூடாது. அப்படி ஒரு ஆள் இப்போது உங்கள் பூங்காவில் இல்லை என்பதைக் கப்பலின் கம்பி சொல்கிறது. முதல் சம்பளச் செலவு அங்கே போகட்டும்.

நீங்கள் பயந்தாங்கொள்ளி அல்ல, சகோதரி. பயந்த இடம்தான் கொஞ்சம் மாறிப்போயிருந்தது. வருகிற ஞாயிறு மரக்கம்பத்தை நட்டதும், எண்ணும் கொப்பியைத் தம்பியின் கையிலேயே கொடுங்கள்.